காஸ்துஸ் எந்தப் பக்கம்?

“எந்த மொழி பெரியது, குருமா?”

கேட்டவர் பன்சிதர். வயது அறுபத்தொன்று. தலை முழுக்க நரை. தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் பதினொரு நோட்டுப் புத்தகங்கள்.

கேட்கப்பட்டவர் சசிரேகா. அவருக்கு வயது நாற்பத்து நான்குதான்.

ஒடிசாவில் பாடம் சொல்லித்தரும் பெண்களைக் குருமா என்பார்கள். சசிரேகா எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கவில்லை. இருந்தாலும் கட்டக் நகரத்தில் பாதிப் பேருக்கு அவர் குருமா. காட்டஜோடி ஆற்றின் கல்கரையை ஒட்டி அவருடைய வீடு. மூன்று அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு நார்த்தை மரம். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் அங்கே போவார்கள். சிலர் தெரிந்துகொண்டு திரும்புவார்கள். சிலர் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

முந்தின நாள் குருமா ஆள் அனுப்பிப் பன்சிதரை வரச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. பன்சிதருக்கோ பல நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

குருமா தலை நிமிரவில்லை. சணல் தண்டுகளைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஐப்பசி அமாவாசை. அன்று அந்தி சாயும்போது ஒடிசாவில் வீட்டுக்கு வீடு சணல் தண்டைக் கொளுத்தி வானத்தை நோக்கி உயர்த்திப் பிடிப்பார்கள். இறந்துபோன பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். இருட்டில் வாருங்கள், வெளிச்சத்தில் போங்கள் என்று.

“எதற்கும் எதற்கும் போட்டி, பன்சி பாபு?”

“ஒடியாவுக்கும் பெலாரூஸ் மொழிக்கும்.”

“முதலாவது நம் வீட்டுப் பிள்ளை. இரண்டாவது?”

“ரஷ்யாவுக்கும் போலந்துக்கும் நடுவில் இருக்கிற நாடு, குருமா. காடும் ஏரியும் சேறுமாக இருக்கும். அங்கே மின்ஸ்க் நகரத்தில் ஆறு வருடம் இன்ஜினியரிங் படித்தேன். நகரத்தில் எல்லோரும் ரஷ்ய மொழிதான் பேசினார்கள். என் அறைத் தோழன் மிகாஸ் சனிக்கிழமை ஆனால் என்னைத் தன் ஊருக்கு இழுத்துப் போவான். அவன் அம்மா ஹன்னாவுக்கு ஊர் மொழி தவிர வேறு வராது. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் அந்த அம்மாவின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொண்டேன்.”

“நன்றாக இருந்ததா?”

“மொழியா?”

“உருளைக்கிழங்கு.”

பன்சிதர் சிரித்துவிட்டார். “துருவி அடை தட்டிப் போடுவார். அதைப் போல் எங்கும் சாப்பிட்டதில்லை.”

“அப்படியானால் மொழியும் நன்றாகத்தான் இருக்கும். வாசியுங்கள்.”

பன்சிதர் ஒரு நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவே அளவுகோல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் ஒடியா. வலப்பக்கம் பெலாரூஸ்.

“இடப்பக்கம். நம் எழுத்துக்கெல்லாம் தலை வட்டம். பனையோலையில் இரும்பு எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் வளைத்தே எழுதினார்கள். ஓலைக்கு வலிக்காமல் எழுதின மொழி.”

“ம்.”

“வலப்பக்கம். பெலாரூஸ் மொழி மூன்று வகை எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ரஷ்யர்கள் எழுதுகிற எழுத்து ஒன்று, போலந்துக்காரர்கள் எழுதுகிற எழுத்து ஒன்று. மூன்றாவது, அரபு எழுத்து. அங்கே குடியேறின முஸ்லிம்கள் அந்த ஊர் மொழியையே தங்கள் மொழியாக்கிக்கொண்டு, தொழுகைப் புத்தகங்களை அரபு எழுத்தில் எழுதினார்கள். யார் வந்தாலும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்த மொழி.”

குருமாவின் கை நின்றது. “இது அழகு” என்றார். பிறகு அடுத்த கட்டுக்கு நூலை எடுத்தார்.

“இடப்பக்கம். அக்கம்பக்கத்து மொழிகள் சொல்லின் கடைசியில் வருகிற உயிர் ஒலியை விழுங்கிவிட்டன. நாம் விழுங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் போகும்போது கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறது.”

“வலப்பக்கம்?”

“மற்றவர்களுக்கு நாக்கு ‘தி’ என்று தட்டுகிற இடத்தில் அவர்களுக்கு ‘ட்ஸி’ என்று கரையும். புதுப் பனியில் காலை வைத்தது போல.”

அவர் பக்கங்களைத் தள்ளினார். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

“இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற இடமும் உண்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒடியா தனி மொழியே இல்லை, வங்காளத்தின் கிளை என்று புத்தகம் போட்டார்கள். அங்கேயும் அதே கதை. ரஷ்ய மொழியின் கோணல் பேச்சு என்றார்கள் ஒரு பக்கம். போலந்து மொழியின் கோணல் பேச்சு என்றார்கள் மறுபக்கம்.”

“இரண்டு மொழியும் என்ன பதில் சொல்லின?”

“பதில் சொல்லவில்லை, குருமா. பேசிக்கொண்டே இருந்தன.”

“பிறகு உங்களுக்கு என்னதான் குறை?”

பன்சிதர் நோட்டை மூடினார். மெதுவாகச் சொன்னார்.

“ஒன்று என் அம்மா பேசின மொழி. இன்னொன்று எனக்குச் சோறு போட்ட மொழி. ஒன்றைப் புகழ்ந்தால் மற்றதற்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். தராசு ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் ஏதாவது வைத்துவிடுகிறேன். நிற்கமாட்டேன் என்கிறது. ஒரு முடிவு தெரியாமல் என்னால் புத்தகத்தை முடிக்க முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.”

“சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை. சமையற்கட்டில் ஒரு விருந்தாளி இருக்கிறார். மூன்று நாளாயிற்று வந்து. ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். பாஸ்போர்ட்டில் உங்கள் நாடு.”

“பெலாரூஸா!”

“பேசுவதும் அழுவதுமாக இருக்கிறார். எங்களுக்கு அழுவது மட்டும் புரிகிறது.”

“போனில் மொழிபெயர்த்துப் பார்க்கலாமே?”

“பார்த்தோம். ‘தாத்தாக்கள் இரவு உணவுக்கு வருகிறார்கள்’ என்று வந்தது. பக்கத்து வீட்டு நிரஞ்சன் பாவம், நான்கு பார்சல் வாங்கி வந்துவிட்டார். தாத்தாக்களும் வரவில்லை, அந்த அம்மாவும் சாப்பிடவில்லை.”

பன்சிதர் எழுந்தார்.

“அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள், பன்சி பாபு. உங்கள் கேள்வி அதற்குப் பிறகு.”

சமையற்கட்டில் ஓர் அம்மாள் கூடையிலிருந்து சேப்பங்கிழங்கை எடுத்துப் பச்சையாகவே தோல் சீவிக்கொண்டிருந்தார். தலையில் பூப்போட்ட துணி. விரல்கள் சிவந்திருந்தன. நிறுத்தி நிறுத்திக் கையைச் சொறிந்துகொண்டார்.

பன்சிதர் அந்த மொழியில் வணக்கம் சொன்னார்.

“வணக்கம், வணக்கம்” என்றார் அந்த அம்மாள், கிழங்கைப் பார்த்தபடியே. “உங்கள் ஊர் உருளைக்கிழங்குக்கு மயிர் முளைத்திருக்கிறது. கையைக் கடிக்கவும் செய்கிறது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கத்தி கீழே விழுந்தது.

“தம்பி! நீ என்ன மொழி பேசினாய்?”

“உங்கள் மொழிதான், அக்கா.”

அவர் பெயர் யாத்விகா. வயது அறுபத்தேழு. ஊர் நியோமன் ஆற்றங்கரை. மூன்று விமானமும் ஒரு ரயிலும் மாறி வந்திருந்தார். மூன்று நாள் அடைத்துவைத்த பேச்சு ஒரே மூச்சில் வந்தது.

அவருடைய ஒரே பிள்ளை காஸ்துஸ். ஒடிசாவில் ஓர் ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்தவன். கொரோனா வருடத்தில் காய்ச்சல் கண்டு இங்கேயே போய்விட்டான். முப்பத்தொரு வயது. விமானம் ஓடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எரித்து, சாம்பலைக் காட்டஜோடியில் கரைத்தார்கள். ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

“எங்கள் ஊரில் இலையுதிர்காலத்தில் ஒரு விருந்து உண்டு” என்றார் யாத்விகா.

“தெரியும், அக்கா. ஹன்னா அம்மா வீட்டில் இருந்திருக்கிறேன். போன உறவுகளைச் சாப்பிடக் கூப்பிடுவீர்கள்.”

“கதவைத் திறந்துவைப்போம். ஒவ்வொரு பண்டத்திலும் முதல் கரண்டி அவர்களுக்கு. அவர்கள் சாப்பிடுகிற வரைக்கும் யாரும் சளசளவென்று பேசக் கூடாது. கடைசியில் மெழுகுவத்தியை ரொட்டித் துண்டால் அணைப்போம். புகை நேரே மேலே போனால், வந்தவர்கள் நிறைவாகப் போனார்கள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.”

“ஆமாம்.”

“மூன்று வருடமாகக் காஸ்துஸுக்கு ஸ்பூன் வைக்கிறேன். மூன்று வருடமாகப் புகை தரையிலேயே சுற்றுகிறது. பிள்ளை வரவில்லை, தம்பி. அவனுக்கு வழி தெரியவில்லை.”

அவர் பையைத் திறந்தார். ஒரு மரக்கரண்டி. ஒரு மெழுகுவத்தி. ஒரு தகர டப்பாவில் மூன்று முனையுள்ள பழுப்புத் தானியம்.

“அதனால் நானே வந்துவிட்டேன். நாளைக்கு இங்கேயும் கூப்பிடுகிற நாளாமே, படம் காட்டினார்கள். நாளை மறுநாள் காலை எனக்கு ரயில். இந்த ஆற்றில் கூப்பிடுகிற வார்த்தையை எனக்குச் சொல்லித் தா. இந்த ஊர் வானம், இந்த ஊர் தண்ணீர். என் மொழி இங்கே எட்டுமோ எட்டாதோ.”

பன்சிதரின் கை தானாகத் துணிப்பைக்குப் போயிற்று.

இரண்டு ஊரும் ஒரே பருவத்தில் இறந்தவர்களைக் கூப்பிடுகின்றன! பன்னிரண்டு வருடத்தில் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? அங்கேயே தரையில் உட்கார்ந்தார். புது நோட்டை எடுத்தார். நடுவில் கோடு போட்டார்.

விருந்தில் சளசளவென்று பேசுவதில்லை என்று வலப்பக்கம் எழுதினார். அதற்கு எதிரே இடப்பக்கம் காலியாக இருந்தது. பிறகு ஒடியாக் கூப்பாட்டை யாத்விகாவுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி, சொல் சொல்லாகப் படித்துக் காட்டினார்.

யாத்விகா உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். இருட்டில் வாருங்கள். வெளிச்சத்தில் போங்கள்.

“நல்ல வார்த்தை” என்றார். “இதற்கெல்லாம் முன்னால் ஒரு சொல் வருகிறதே, அது என்ன?”

“பெரியவர்களே என்று அர்த்தம். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா. அவர்களைத்தான் கூப்பிடுவோம்.”

“என் பிள்ளைக்கு முப்பத்தொரு வயதுதானே.”

பன்சிதர் பென்சிலை நிறுத்தினார். யோசித்தார். முகம் மலர்ந்தது.

“சரியாகப் பிடித்தீர்கள், அக்கா! எங்கள் வழக்கப்படி இளையவர்கள் மூத்தவர்களைக் கூப்பிடுவார்கள். அம்மா பிள்ளையைக் கூப்பிடுவது கிடையாது. நன்றாக யோசித்தால் உங்கள் விருந்துக்குப் பெயரே தாத்தாக்கள்தானே? உங்களுக்கும் அதுதான் மூல வழக்கமாக இருக்கும். பாருங்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும் அப்படியே பொருந்துகிறது!”

கோட்டின் இரண்டு பக்கமும் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக எதுவும் பொருந்தியதில்லை.

நிமிர்ந்தபோது யாத்விகா மரக்கரண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அவனுக்குக் குழந்தை இல்லை, தம்பி” என்றார். “பிறகு அவனை யார் கூப்பிடுவது?”

பன்சிதர் நோட்டின் இரண்டு பக்கத்தையும் திரும்பப் பார்த்தார்.

யாத்விகா டப்பாவை மூடினார். பையை மூடினார். அன்று மாலை சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலையில் பன்சிதர் வந்தபோது குருமா நார்த்தை மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமாம்?”

“கூப்பிடுகிற வார்த்தை. இங்கே இறந்துபோன பிள்ளையைக் கூப்பிட.”

“கொடுத்தீர்களா?”

“கொடுத்தேன். விளக்கமும் கொடுத்தேன்.”

“அதுதான் பையைக் கட்டிவிட்டாராக்கும்.”

பன்சிதர் நோட்டை நீட்டினார். தான் சொன்னது எதிலும் பிழை இல்லை என்று காட்ட விரும்பினார். குருமா விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வாங்கினார். அவசரப்படாமல் இடப்பக்கத்தைப் படித்தார். அவருக்கு வலப்பக்கம் படிக்கத் தெரியாது. அதையும் அவ்வளவு நேரம் பார்த்தார்.

“பிள்ளைக்குப் பெயர் என்ன?”

“காஸ்துஸ்.”

“காஸ்துஸ் எந்தப் பக்கம்?”

பன்சிதர் குனிந்து பார்த்தார். பெலாரூஸில் பிறந்தவன். வலப்பக்கம். ஒடிசாவில் செத்தவன், காட்டஜோடித் தண்ணீரில் கலந்தவன். இடப்பக்கம். அவர் விரல் அங்கும் இங்கும் போய், நடுக்கோட்டின் மேல் வந்து நின்றது. கோட்டில் பெயர் எழுத இடம் இல்லை.

குருமா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“சணல் தண்டு இன்னும் நாலு கட்டு கட்ட வேண்டும்” என்றார்.

பன்சிதர் நாள் முழுக்கக் கட்டினார். நாலு கட்டுக்குப் பதில் பதினாறு கட்டினார். குருமா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தி வந்தது. கல்கரை நெடுக ஆட்கள் நின்றார்கள். நிரஞ்சன் தன் குடும்பத்தோடு பக்கத்துப் படியில் நின்றார். முதல் தண்டு எரிந்தது. அதிலிருந்து பத்து. பத்திலிருந்து நூறு. கூப்பாடு தொடங்கியது.

வீட்டுப் படியில் குருமா வாழையிலை போட்டிருந்தார். சோறு, பருப்பும் காயும் சேர்த்த தால்மா, பாயசம். எல்லாவற்றிலிருந்தும் ஆவி எழுந்தது. யாத்விகா வாசற்படியில் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். முதுகு ஆற்றைப் பார்த்திருந்தது.

குருமா ஒரு தண்டைக் கொளுத்திப் பன்சிதரிடம் கொடுத்தார்.

“யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?”

“அப்பாவை. அம்மாவை.”

“ஹன்னா இருக்கிறாரா?”

“இல்லை. போய்ப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. மிகாஸ் எழுதியிருந்தான்.”

“அவரைக் கூப்பிட்டிருக்கிறீர்களா?”

பன்சிதர் திகைத்தார். ஹன்னா அவர் நோட்டுகளில் எழுநூறு இடத்தில் இருந்தார். ‘சொன்னவர்: ஹன்னா’ என்று பொடி எழுத்தில். ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

“அவர் நம் வீட்டார் இல்லையே, குருமா. நாம் கூப்பிடுகிற மொழி அவருக்குப் புரியவும் புரியாது.”

“அவர் முதல் தடவை உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது உங்களுக்கு என்ன புரிந்தது?”

அன்று பதினெட்டு வயதுப் பன்சிதர் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் கோடியில் நின்றார். கையெல்லாம் மண். குளிரில் காது மரத்திருந்தது. அம்மாவை விட்டு வந்து இருபது நாள். வீட்டு வாசலில் ஒரு பெண் கரண்டியை உயர்த்திக்கொண்டு ஏதோ கத்தினாள். அதில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது.

“போனீர்களா?” என்றார் குருமா.

“போனேன்.”

குருமா அடுத்த தண்டைக் கொளுத்தக் குனிந்துவிட்டார்.

பன்சிதர் எரியும் தண்டோடு வாசற்படிக்கு நடந்தார். யாத்விகாவின் பக்கத்தில் நின்றார்.

“அக்கா, நேற்று நான் சொன்னது தப்பு.”

“தப்பா? பிறகு எது சரி?”

“தெரியாது.”

“பை நிறைய நோட்டில் எழுதிவைத்திருக்கிறாயே.”

“ஆமாம், அக்கா. எழுதினேன்.”

யாத்விகா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தண்டின் தீ பன்சிதரின் விரலை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“காஸ்துஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விளையாடப் போய் இருட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்?”

“என்ன செய்வேன்! வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவேன்.”

“என்னவென்று?”

யாத்விகா வாயைத் திறந்தார். சொல்லவில்லை. எழுந்தார். பையை அங்கேயே விட்டுவிட்டு, இலையைத் தாண்டி, படியின் விளிம்புக்குப் போனார். ஆற்றைப் பார்த்து நின்றார். இடுப்பில் கை வைத்தார்.

“காஸ்துஸ்!”

கல்கரையில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அது வேண்டுகிற குரல் இல்லை. திட்டுகிற குரல்.

“காஸ்துஸ்! எவ்வளவு நேரம்? எல்லாம் ஆறிப் போகிறது, வந்து தொலை!”

குருமாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் தன் தண்டை உயர்த்திக்கொண்டு யாத்விகாவின் பக்கத்தில் போய் நின்றார். ஒடியாவில் கத்தினார்.

“அடே காஸ்துஸ்! எத்தனை தடவை கூப்பிடுவது? சோறு ஆறுகிறது, வாடா!”

யாத்விகா பன்சிதரைத் திரும்பிப் பார்த்தார். “இவள் என்ன சொல்கிறாள்?”

“நீங்கள் சொன்னதைத்தான், அக்கா.”

“நான் சொன்னதை நீ இவளுக்கு மொழிபெயர்க்கவே இல்லையே.”

“இல்லை.”

“ஓ” என்றார் யாத்விகா. மறுபடி ஆற்றின் பக்கம் திரும்பினார். இன்னும் பலமாகக் கத்தினார்.

பக்கத்துப் படியிலிருந்து நிரஞ்சன் கேட்டார். “யாரை, குருமா?”

“நம் விருந்தாளியின் பிள்ளையை.”

நிரஞ்சன் தன் தாத்தாவைக் கூப்பிட்ட கையோடு அந்தப் பெயரையும் கூப்பிட்டார். அவர் மனைவி கூப்பிட்டார். அதற்கடுத்த படியிலும் யாரோ கூப்பிட்டார்கள். ஒடியா வாயில் அந்தப் பெயர் மூடவில்லை. கடைசியில் ஓர் உயிர் ஒலி சேர்ந்து நீண்டது. காஸ்துஸொ. காஸ்துஸொ. கரை நெடுக அந்தப் பெயர் திறந்தபடி போயிற்று.

யாத்விகாவின் தலைத்துணி நழுவித் தோளில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கட்டவில்லை.

பன்சிதர் புதுத் தண்டைக் கொளுத்தினார். அப்பாவைக் கூப்பிட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு ஹன்னாவைக் கூப்பிட்டார். எந்த மொழியில் கூப்பிட்டார் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

பதினாறு கட்டும் தீர்ந்தது.

யாத்விகா மெழுகுவத்தியை ஏற்றிப் படியில் நிறுத்தினார். அவர் எடுத்துக்கொடுத்த தகர டப்பாவின் தானியத்தை அதற்குள் குருமா உப்புப் போட்டு வேகவைத்திருந்தார். கொஞ்சம் குழைந்துவிட்டது. யாத்விகா ஒரு வாய் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போல் தலையசைத்தார்.

காஸ்துஸின் மரக்கரண்டியை ஓர் இலையோரம் வைத்தார். பிறகு உள்ளே போய்க் குருமாவின் அலமாரியைத் தானே திறந்து இன்னொரு கரண்டி எடுத்துவந்தார். அதையும் ஓர் இலையோரம் வைத்தார்.

“இது யாருக்கு, அக்கா?”

“நீ கடைசியாகக் கூப்பிட்டாயே ஹன்னா, அவளுக்கு. இவ்வளவு தூரம் கூப்பிட்டுவிட்டுக் கையால் சாப்பிடச் சொல்வாயா?”

எல்லாப் பண்டத்திலும் முதல் கரண்டி அந்த இலைகளுக்குப் போனது. பிறகு மூவரும் உட்கார்ந்தார்கள். வீட்டின் முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தன. மெழுகுவத்தியை யாரும் இன்னும் அணைக்கவில்லை. தீ ஆடாமல் நின்றது.

யாத்விகா தால்மாவில் கிடந்த சேப்பங்கிழங்கைத் தொட்டுப் பார்த்து, பிய்த்து, வாயில் போட்டுக்கொண்டார். வந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டை அவர் தொட்டது இதுதான் முதல்முறை.

பன்சிதரின் துணிப்பை நார்த்தை மரத்தில் தொங்கியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குருமாதான் நினைவுபடுத்தினார்.

“பன்சி பாபு! நேற்று வாசலில் ஏதோ கேட்டீர்களே. எந்த மொழி பெரியது என்று.”

பன்சிதர் சோற்றுக் கையோடு, இடது கை விரலை உதட்டில் வைத்தார்.

“மெதுவாக, குருமா” என்றார். “சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.”